இரண்டு விரற்கடைத் தளர்ச்சி

எங்கள் மருத்துவமனையின் வாகனக் கொட்டகைக்குப் பொறுப்பாளராக இருப்பவரை எல்லோரும் மோப்பம் என்றுதான் குறிப்பிடுவார்கள். நேரில் அப்படி அழைக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். வண்டி கொட்டகைக்குள் வந்து நிற்பதற்கு முன்பே அவர் முகத்தைத் தூக்கிக் காற்றை ஒருமுறை இழுப்பார். "பேட்டரி கொதிச்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் கொதித்திருக்கும். "இது டயர் இல்ல, பிரேக்" என்பார். கழற்றினால் பிரேக்தான். எது எரிந்தது என்பதில் பதினாறு ஆண்டுகளில் அவர் மூக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஏன் எரிந்தது என்று கேட்டால் மட்டும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. டிரைவர்.

நான் டிரைவர். ஆகவே அவரைப் பற்றி நான் எழுதுவதில் நடுநிலை இருக்குமா என்று படிப்பவர் ஐயப்படலாம். ஐயம் நியாயமானதே. அதனால்தான் தேதியோ ஆதாரமோ இல்லாத எதையும் இங்கே சேர்க்கவில்லை.

முதலில் சொல்லவேண்டியது, அவர் வண்டித் தொழிலில் வளர்ந்தவர் அல்லர். தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். பிறகு மருத்துவமனையில் ஜெனரேட்டர் பார்ப்பவராகச் சேர்ந்தார். ஒரு மதிய வேளையில் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், கையைக்கூடக் கழுவாமல் எழுந்து, அறுவை அரங்குக்குப் பின்னால் இருந்த மின்பலகையின் முன் போய் நின்று, "இதை இப்பவே ஆஃப் பண்ணுங்க" என்று கத்தினார். புகை இல்லை, சூடு இல்லை, மருத்துவர்கள் திட்டினார்கள். திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு கம்பி மெழுகு போல உருகி வழிந்திருந்தது. அன்றைய கண்காணிப்பாளர் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அடுத்த ஆண்டு கொட்டகைப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியையும் கொடுத்தார். "நாய் வாங்கறதா இருந்தாங்க, அதுக்குள்ள இவரு கிடைச்சிட்டாரு" என்பது ஸ்டோர் அம்மாவின் விளக்கம். பத்திரம் இன்றும் டயர் அடுக்குக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

இரண்டாவது, அவர் பொய் எழுத மாட்டார். இதை நான் மனமுவந்து சொல்கிறேன். தீயணைப்புக் கருவியின் காலம் முடிந்துவிட்டது என்று தன் கொட்டகையைப் பற்றித் தானே எழுதி அனுப்பி, அதற்காகத் தானே விளக்கக் கடிதம் கொடுத்தவர் அவர். படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அந்தக் கட்டம் உண்மையாகும்வரை பேனாவைத் திறக்க மாட்டார். இது ஒரு நற்பண்பு என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

கொட்டகையில் ஏழு வண்டிகள். ஆறு ஆம்புலன்ஸ்கள், எல்லாம் புதியவை. ஏழாவது, நான் ஓட்டும் துணி வண்டி. அதற்கு வயது பத்தொன்பது. வார்டுகளின் அழுக்குத் துணி மூட்டைகளைக் கீழே சலவைக்கூடத்துக்கு இறக்குவதும், வெளுத்து மடித்த விரிப்புகளை மேலே ஏற்றுவதும் அதன் வேலை. ஒரு நாளைக்கு நான்கு நடை. மருத்துவமனையின் பின்வாசலுக்குப் போகும் பாதை இரண்டு வளைவுகளோடு செங்குத்தாக ஏறும். பன்னிரண்டு மூட்டையோடு அந்த ஏற்றத்தை ஏறுகிற வண்டிக்கு எஞ்சின் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் கிளட்ச்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே ஒரு வட்டத் தகடு, கிளட்ச் பிளேட், இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிடியால்தான் எஞ்சினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ஒரு கேபிள் இழுபட்டு, ஒரு பேரிங் முன்னே போய் அழுத்தி, பிடியை விடுவிக்கிறது. காலை எடுத்தால் மறுபடி பிடி. பிடி நழுவினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, தகடு கருகும்.

என் வண்டியின் பழைய பிளேட் ஆறு ஆண்டுகள் உழைத்தது. அதன் பிறகு பதினான்கு மாதங்களில் மூன்று பிளேட்கள் கருகின. முதலாவது அந்த ஆறு வருடப் பிளேட்டே. வயதாகிவிட்டது என்று மோப்பத்தைத் தவிர எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். மற்ற இரண்டும் புத்தம் புதியவை. ஒவ்வொரு முறையும் அடையாளம் ஒன்றே. ஏற்றத்தின் முதல் வளைவில் மூன்றாம் கியரில் மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் உயரும். வேகமுள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வாரம் கழித்து இரண்டாம் கியரிலும் அதே கதை. பின்னர் பின்வாசல் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டைத் திறப்பார்.

கியர்பெட்டியை இறக்கும் வசதி எங்கள் கொட்டகையில் கிடையாது. பிளேட் மாற்றுவதற்கு வண்டி வெளிப் பட்டறைக்குப் போகும். போவதற்கு முன் மோப்பம் ஒருமுறை முகர்ந்து, பதிவேட்டில் காரணத்தை எழுதுவார். மூன்று முறையும் ஒரே வாசகம்: "ஓட்டுநர் கிளட்ச் பெடலின் மீது காலை வைத்தபடி ஓட்டுவதால்."

முதல் முறை சிரித்துவிட்டேன். இரண்டாம் முறை எழுத்தில் மறுத்தேன். மூன்றாம் முறை, வண்டி பட்டறைக்குப் போவதற்கு முன்பே நிர்வாகத்திலிருந்து குறிப்பாணை வந்தது. தவறான ஓட்டும் பழக்கத்தால் வாகனத்தைத் தொடர்ந்து சேதப்படுத்தியதற்காக என்னை ஏன் ஓட்டுநர் பணியிலிருந்து நீக்கித் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றக் கூடாது என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.

துணி மடிக்கும் பிரிவு எனக்குப் புதிய இடமன்று. இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன் இங்கே மூட்டை தூக்கத்தான் வந்தேன். முப்பத்து நான்காம் வயதில், பழைய புத்தகக் கடையில் கிடைத்த இந்த வண்டியின் கையேட்டைப் படித்துப் படித்து, விடுமுறை நாட்களில் சலவைக்கூடத்து முற்றத்தில் ஓட்டிப் பழகி, மூன்றாவது முயற்சியில் உரிமம் பெற்றேன். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. அந்த இருக்கையிலிருந்து என்னை இறக்குவது என்றால் பதின்மூன்று ஆண்டுகளைச் சுருட்டி மறுபடியும் மூட்டையோடு கட்டுவது போலத்தான்.

என் மனைவி குறிப்பாணையைப் படித்துவிட்டு, "சாப்பிட உக்காந்தாக்கூட ஒரு இடத்துல காலை வைக்காத மனுஷன் நீங்க. நீங்க போய் பெடல் மேல காலை வச்சுட்டே ஓட்டுறீங்களாமா?" என்றாள். இதை என் தரப்புச் சாட்சியமாகச் சேர்க்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது.

பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். பதினான்கு மாத நடைப் பதிவேடுகள், பட்டறையின் வேலைச் சீட்டுகள், வண்டியைக் கொட்டகையில் விட்டதற்கும் எடுத்ததற்குமான அனுமதிச் சீட்டுகள்.

"அப்படியே வெளியவே இருக்கட்டும். அந்தத் தட்டுல என் புடவையை வச்சுக்கறேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேட்டுட்டு இருக்கேன்" என்றாள் மனைவி.

"ஏழு நாள் பொறு."

"பதினெட்டு வருஷம் பொறுத்தாச்சு. ஏழு நாளா கஷ்டம்?"

மூன்றாம் நாள் மாலையில் விடை கிடைத்தது. என் நடைப் பதிவேட்டில் "மூன்றாம் கியரில் சத்தம், வேகம் இல்லை" என்ற குறிப்பு முதன்முதலாக வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதினேன். அதன் பக்கத்தில் அனுமதிச் சீட்டுகளின் தேதிகளை எழுதினேன். கொட்டகையில் காலாண்டுப் பரிசோதனை முடிந்து வண்டி என் கைக்கு வந்த ஒன்பதாம் நாள் முதல் நழுவல். அடுத்தது பன்னிரண்டாம் நாள். அதற்கடுத்தது எட்டாம் நாள். பட்டறையிலிருந்து வந்த வண்டி நன்றாக ஏறியது. பரிசோதனையிலிருந்து வந்த வண்டி நழுவியது. அதிக மூட்டை ஏற்றிய நாட்களுக்கும் நழுவலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மறுநாள் காலை நேராகக் கொட்டகைக்குப் போனேன். மோப்பம் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். என்ன கோபம் இருந்தாலும் அண்ணே என்றுதான் வாயில் வரும்.

"அண்ணே, ஒரு அரை மணி நேரம் குடுங்க. கிளட்ச்சை முதல்ல இருந்து வரிசையா பாத்துடலாம்."

"பாக்கறதுக்கு என்ன தம்பி இருக்கு? மூக்கு இருக்கறவனுக்குத் தெரியுது. பிளேட் போச்சு."

"போச்சுங்கறது எனக்கும் தெரியும். எதனால போச்சு?"

"காலு."

"யாரு காலு?"

"வண்டிக்கு ஏது காலு? ஓட்டறவங்க காலுதான்."

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகளை வைத்தேன். கைபிரேக்கை முழுதாக இழுத்தேன். மூன்றாம் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டு கிளட்ச்சை மெதுவாக விட்டேன். பிடி சரியாக இருக்கும் வண்டியில், நகர வழியில்லாத சக்கரம் எஞ்சினை இழுத்துப் பிடித்து அந்தக் கணமே அணைத்துவிடும். என் வண்டி அணையவில்லை. கால் முழுதாக வெளியே வந்தபிறகும் எஞ்சின் சாவகாசமாக ஓடிக்கொண்டிருந்தது. இதை நீட்டித்தால் மிச்சமிருக்கும் தகடும் போய்விடும் என்பதால் உடனே அணைத்தேன்.

"பாத்தீங்களா, வாசனை வந்துருச்சு!" என்றார் மோப்பம், வழக்கில் அவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டதைப் போல.

"நழுவுதுன்னு இப்ப நிரூபிச்சாச்சு. ஏன் நழுவுதுன்னு அடுத்து பாப்போம். ஒண்ணு, எஞ்சின் ஆயில் கசிஞ்சு பிளேட்ல பட்டிருக்கலாம்."

வண்டிக்கு அடியில் இருவரும் நுழைந்தோம். கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே எண்ணெய் கசிந்தால் அதன் வழியாகச் சொட்டும். விரலை விட்டுப் பார்த்தேன். கருகிய தூள் மட்டுமே வந்தது, ஈரம் இல்லை.

"ஆயில் இருந்தா எனக்கு அங்க நிக்கும்போதே தெரிஞ்சிருக்கும். இதுக்குப் போய் படுத்து உருளணுமா?" என்றார் மோப்பம், சட்டையைத் தட்டிக்கொண்டே.

"அப்ப ஆயில் இல்லன்னு ஒத்துக்கறீங்க?"

"ஆயிலுன்னு நான் எப்ப சொன்னேன்? காலுன்னுதானே சொன்னேன்."

ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்தேன். குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தினேன். இந்த வகை வண்டியில் பெடலின் முதல் இரண்டு விரற்கடைத் தூரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சும்மா இறங்க வேண்டும். அதன் பிறகுதான் கேபிள் இழுபடத் தொடங்கும். என் பெடல் ஒரு நூலளவும் சும்மா இறங்கவில்லை. தொட்ட மாத்திரத்தில் கையைத் திருப்பித் தள்ளியது.

"இங்க கை வைங்கண்ணே. கொஞ்சம்கூட ஆட்டமே இல்லை."

மோப்பம் கை வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. "அதானே வேணும்? கிண்ணுன்னு நிக்குது பாருங்க."

"யாரு இப்படி வச்சது?"

"நான்தான். ஒவ்வொரு இன்ஸ்பெக்‌ஷனுக்கும் என் கையால கேபிளை டைட் பண்றேன். வேற யாரையும் ஸ்பானர் எடுக்க விடறதில்ல."

பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுத்து மறுப்பு, இரண்டு வேலைச் சீட்டுகள், ஏழு நாள் கெடு, மூன்று நாள் இரவும் பகலும் தேதிக் கணக்கு. இத்தனைக்கும் விடையை அவர் கையிலேயே வைத்திருந்தார். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. அதுவும் பெருமையாக வைத்திருந்தார்.

"அண்ணே, கேபிள் இப்படி இறுக்கமா இருந்தா அந்த பேரிங் எப்பவும் அழுத்திட்டே இருக்கும். பிளேட்டை முழுசா பிடிக்க விடாது. நாள் பூரா ஒருத்தன் பெடல் மேல காலை வச்சுட்டே இருக்கற மாதிரிதான். காலை வச்சது நான் இல்ல. உங்க ஸ்பானர்."

"ஆம்புலன்ஸுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?"

"அதுல கேபிள் கிடையாது. எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்யுது, தானா சரி பண்ணிக்கும். உங்க ஸ்பானருக்கு அதுல இடமே இல்ல. மாட்டினது என் வண்டி ஒண்ணுதான்."

"பட்டறைக்காரன் பாத்திருப்பானே? அவன் ஏன் சொல்லல?"

"பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் தானாவே குறையும். தேய்ஞ்சதால இறுகிடுச்சுன்னு நினைச்சிருப்பான். புதுசு போட்டுச் சரியா வச்சு அனுப்புவான். நீங்க அடுத்த இன்ஸ்பெக்‌ஷன்ல இறுக்கிடுவீங்க."

அவர் பெடலை இன்னொரு முறை கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒன்றரை ஆண்டுகளுக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புதிய காலாண்டுப் படிவம். அது கொட்டகையிலேயே இருப்பது. நான் அதுவரை பார்த்ததில்லை. பதினான்காம் வரியில் விரலை வைத்தார். "மூன்று பெடல்களிலும் எவ்விதத் தளர்ச்சியும் இருத்தலாகாது. தளர்ச்சி: இருக்கிறது / இல்லை."

"இல்லைன்னு எழுதணும்னா இல்லாம இருக்கணும். வேற எப்படி எழுதுவேன்?"

எனக்கு எங்கிருந்தோ கோபம் பொங்கியது. "இந்த வரியை எழுதினவனுக்கு வண்டியைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. கண்டதையும் படிச்சிட்டு அரைகுறையா எழுதியிருக்கான். இவனையெல்லாம் கொண்டுவந்து அந்த ஏத்தத்துல பன்னெண்டு மூட்டையோட விடணும்."

மோப்பம் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தம்பி, அதை எழுதினது நீங்கதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்னாடி பிரேக் பெடல் தரையோட போயிடுச்சுன்னு நாலு பக்கம் மனு எழுதினீங்கல்ல? மேல இருந்து எனக்கும் ஒரு காப்பி வந்துச்சு. கடைசிப் பக்கத்துல யோசனைன்னு சிலது எழுதியிருந்தீங்க. அதைத்தான் அப்படியே அச்சடிச்சிட்டாங்க. நல்ல தமிழ்ல இருந்ததால யாரும் கை வைக்கல போல."

அன்று மூன்றாம் நடையில் மூட்டைகளைப் பாதியாகக் குறைத்து ஏற்றினேன். வண்டி தவழ்ந்து ஏறியது. வீட்டுக்கு வந்ததும் மனுக்கள் கோப்பை எடுத்தேன். தேதி வாரியாக வைத்திருப்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. என் கார்பன் நகல். இறக்கத்தில் பிரேக் செயலிழந்ததும், கியரைக் குறைத்துக் கைபிரேக்கால் வண்டியை நிறுத்தியதும் மூன்று பக்கங்களில் இருந்தன. நான்காம் பக்கத்தில், ஐந்து பரிந்துரைகளில் மூன்றாவதாக, என் கையெழுத்தில், அதே வாக்கியம். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

எப்படி எழுதினேன் என்பதற்கும் விளக்கம் இருந்தது. நான் படித்துப் பழகிய கையேட்டில் நான்கு தாள்கள் கிழிந்து போயிருந்தன. அவை கிளட்ச் பற்றிய தாள்கள். பிரேக் அதிகாரத்தைக் கரைத்துக் குடித்த நான், மற்றப் பெடல்களுக்கும் அதே விதி என்று நானாகவே தீர்மானித்திருக்கிறேன். இரண்டு விரற்கடை விவரமே, மூன்றாவது பிளேட் கருகிய பிறகு பட்டறைக்காரரின் புத்தகத்திலிருந்து நான் கையால் பார்த்தெழுதிக்கொண்ட பக்கங்களில்தான் எனக்குத் தெரியவந்தது.

மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "எழுத்து மட்டும் மணி மணியா இருக்கு" என்றாள். வேறெதுவும் சொல்லாதது அவளுடைய கருணை.

என் விளக்கக் கடிதத்துக்கு நாற்பத்தோரு இணைப்புகள் தயாராக இருந்தன. இந்த நகல் நாற்பத்திரண்டாவது. சேர்த்தால், பழியின் வேர் என்னிடமே இருக்கிறது என்று நானே கையெழுத்திட்டுக் கொடுத்ததாகும். துணி மடிக்கும் பிரிவு நிச்சயம். சேர்க்காவிட்டால், கேபிளை இறுக்கியவர் மோப்பம் என்ற உண்மை போதும், நான் தப்பிவிடுவேன். நிர்வாக அலுவலர் எங்கள் இருவரையும் விசாரணைக்கு அழைத்த நாளன்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இணைப்புகளோடு சேர்க்கவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நிர்வாக அலுவலர் ஓர் அம்மையார். குறைவாகப் பேசுபவர், மற்றவர்களும் குறைவாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். என் கோப்பின் கனத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"சுருக்கமா சொல்லுங்க."

"முதல் இணைப்பு, சென்ற ஆண்டு..."

"சுருக்கமா."

தேதிகள் எழுதிய ஒற்றைத் தாளை மட்டும் நீட்டினேன். அவர் படித்தார், இரண்டு முறை படித்தார். பிறகு மோப்பத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒவ்வொரு பரிசோதனைலயும் கேபிளை இறுக்கினது நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அப்படி இறுக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியாதுங்க. தம்பி போன வாரம் சொல்லித்தான் தெரியும்."

"அப்ப யாரு இறுக்கச் சொன்னது?"

"ஃபாரம்ல இருக்குங்க மேடம். பதினாலாவது வரி."

"அந்த வரி ஃபாரத்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

மோப்பம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. "மேல இருந்து அச்சாகி வந்துச்சுங்க மேடம். நமக்கு எப்படித் தெரியும்?"

தீயணைப்புக் கருவிக்காகத் தன்னைத் தானே காட்டிக்கொடுத்த மனிதர் அவர். அந்த வாயிலிருந்து அது வந்தது. அலுவலர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது: "பொறுப்பாளரின் அறியாமையும் கவனக்குறைவும்..."

எனக்கு வந்தது இரக்கமா எரிச்சலா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பையிலிருந்து நகலை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"அப்ப நீங்க குடுத்த யோசனையைத்தான் இவரு ஒழுங்கா செஞ்சிருக்காரு."

"ஆமாங்க."

"ஒழுங்கா செஞ்சதால உங்க வண்டி கெட்டுச்சு."

"ஆமாங்க."

"கெட்டதுக்கு நீங்கதான் காரணம்னு இவரு எழுதினாரு. காரணம் தெரியாமலே சரியா எழுதியிருக்காரு."

இதற்கு மட்டும் ஆமாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதிய தாளை இரண்டாகக் கிழித்தார். "ரெண்டு பேரும் வெளிய போய் டீ குடிங்க. நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்" என்றார். கதவு மூடியபின் உள்ளே கேட்டது இருமலா சிரிப்பா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

நடைபாதையில் மோப்பம் என்மேல் பாய்ந்தார். "எதுக்குய்யா எடுத்துக் குடுத்தீங்க? நான்தான் தெரியாதுன்னு சொன்னேன்ல? சர்வீஸுக்கு வந்ததுல இருந்து ஒரே ஒரு பொய் சொன்னேன். அதை ஒரு நிமிஷம் நிக்க விட்டீங்களா?"

"உங்களை மாட்டிவிட்டுட்டு நான் எப்படிண்ணே வண்டி ஓட்டுவேன்?"

"என்னை என்ன பண்ணிடுவாங்க? மறுபடி ஜெனரேட்டர் ரூமுக்கு அனுப்புவாங்க. எனக்கு அது பிடிச்ச இடம்தானே! நீங்க மூட்டை தூக்கப் போவீங்களா இந்த வயசுல? கொஞ்சமாவது யோசிக்கறதில்ல. எப்பப் பாத்தாலும் பேப்பரு, பேப்பரு."

தேநீருக்கு அவர் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஆணை வந்தது. குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. நான் ஓட்டுநர் பணியில் தொடரலாம். பொறுப்பாளர் மீது நடவடிக்கை ஏதுமில்லை. வண்டி பட்டறைக்குப் போய்ப் புதிய பிளேட்டோடு வந்தது. மோப்பம் ஸ்பானரை என்னிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பட்டறைக்காரர் சரியாகத்தான் வைத்திருந்தார். நான் எதையும் தொடவில்லை. அன்று பன்னிரண்டு மூட்டையோடு முதல் வளைவில் மூன்றாம் கியரில் மிதித்தேன். எஞ்சின் குரல் உயர்ந்தது. வேகமுள்ளும் கூடவே உயர்ந்தது. கேட்டைத் திறந்த காவலாளி மூக்கைப் பொத்தவில்லை.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் படிவம் எங்கள் மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. அதைத் திருத்தும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கே உண்டு. அடுத்த காலாண்டில் பதினான்காம் வரியில் மோப்பம் "இருக்கிறது" என்று எழுதி அனுப்பினார். "குறையைச் சரிசெய்து மீண்டும் அனுப்புக" என்று திரும்பி வந்தது. மறுபடியும் "இருக்கிறது, இருக்க வேண்டும்" என்று எழுதினார். மறுபடியும் திரும்பி வந்தது. இம்முறை சிவப்பு மையில் அடிக்கோடும் இருந்தது.

நான் மனு எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கம் வந்தது. கொட்டகைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் வண்டியின் முகப்பில் தாளைப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு பத்தியாக அடித்துக்கொண்டே போனார். கிளட்ச்சின் தோற்றம் பற்றிய பத்தி போயிற்று. எனக்கு நேர்ந்த அநீதியின் வரலாறு முழுதாகப் போயிற்று.

"அண்ணே, அது ரொம்ப முக்கியமான பக்கம்."

"உங்களுக்கு."

கடைசியில் ஒரு வாக்கியம் மிஞ்சியது: கேபிளால் இயங்கும் கிளட்ச் பெடலில் இரண்டு விரற்கடைத் தளர்ச்சி இருக்க வேண்டும், பதினான்காம் வரி பிரேக்குக்கு மட்டும் பொருந்தும். அதையும் பட்டறைக்காரரிடம் காட்டி, சரி என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்றார். காட்டினேன். பட்டறைக்காரர் படித்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க கையெழுத்து, ஊருக்கே தெரியுமே" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பதில் நேற்று வந்தது. பரிந்துரை பரிசீலனையில் உள்ளது; இறுதி முடிவு எடுக்கப்படும்வரை மூன்று பெடல்களிலும் தளர்ச்சி ஏதும் இல்லாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோப்பம் அதை நின்றுகொண்டே படித்தார். நான்காக மடித்து, கோப்பில் வைக்கும்படி என்னிடம் கொடுத்தார். இன்று காலாண்டுப் பரிசோதனை. வண்டியின் கதவைத் திறந்து, குனிந்து, பெடலின் மேல் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். பேனாவைத் திறந்து, பதினான்காம் வரியில், கட்டத்துக்கு வெளியே போகாமல், "இருக்கிறது" என்று எழுதினார்.